இடம்பெயராத் தொழிலும் இடம்பெயரும் மீனும்: பவளத்திட்டுக் கடல்களில் பெருமீன் தூண்டில் விளையாட்டு

வினாவின் எல்லை

கடலில் தூண்டில் இடுவது உணவுக்காகத் தொடங்கிய தொழில். அதே தூண்டிலைப் பொழுதுபோக்கிற்கும் போட்டிக்கும் கையாளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தனக்கென விதிகளும் கருவிகளும் சங்கங்களும் கொண்ட ஒரு விளையாட்டாக உருப்பெற்றது. அதன் கிளைகளுள் மிகுந்த பொருட்செலவு கோருவது பெருமீன் தூண்டில் விளையாட்டு ஆகும். மார்லின், வாள்மீன், பெருஞ்சூரை போன்ற, மனிதனைவிடப் பன்மடங்கு எடை கொண்ட மீன்களைக் தூண்டில் கம்பாலும் ஒற்றை நரம்பாலும் ஒருவர் தனியே எதிர்கொள்வதே அதன் இலக்கணம். இம்மீன்கள் திரியும் இடங்களை வெளியூரிலிருந்து வருபவர் தாமே கண்டறிய இயலாது என்பதால், படகும் கருவியும் கடலறிவும் உடைய வழிகாட்டி ஒருவரை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்வது இவ்விளையாட்டின் நிலையான வடிவமாயிற்று.

இத்தொழிலைப் பற்றி இரு நேரெதிர்க் கருத்துகள் நிலவுகின்றன. மீனைப் பிடித்தபின் உயிரோடு விட்டுவிடுவதாலும், மீன் செழித்தால்தான் தொழில் செழிக்கும் என்பதாலும், இது கடலைக் காக்கும் தொழில் என்பது ஒன்று. வசதி படைத்தோரின் களிப்பிற்காக உயிர்களை வதைத்து, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டும் செயல் என்பது மற்றொன்று. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடைபெறும் கருப்பு மார்லின் தூண்டில் விளையாட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டும், பிற வெப்பமண்டலத் திட்டுகளை ஒப்பிட்டும் நோக்கும்போது, இவ்விரு கருத்துகளும் ஓர் அடிப்படை முரணைக் கவனிக்கத் தவறுவது புலனாகிறது. தொழில் ஓர் இடத்தில் வேரூன்றியது. அது நம்பியிருக்கும் மீனோ எந்த இடத்திற்கும் கட்டுப்படாதது. இத்தொழிலின் சாதனைகளும் வரம்புகளும் பெரும்பாலும் இம்முரணிலிருந்தே பிறக்கின்றன.

விளையாட்டின் தோற்றமும் பரவலும்

கலிபோர்னியாக் கடலோரத்தில் உள்ள கத்தலினா தீவில் 1898ஆம் ஆண்டு சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு, அதாவது 83 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்றைக் கம்பும் ரீலும் கொண்டு பிடித்ததும், அதே ஆண்டு அத்தீவின் அவலோன் நகரில் சூரைக் கழகம் நிறுவப்பட்டதும் இவ்விளையாட்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. அக்காலத்து ரீல்களில் மீன் ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்றதால் விரல்கள் முறிவது உண்டு. நரம்பு வெளியேறும் வேகத்தை உராய்வுத் தகடுகளால் கட்டுப்படுத்தும் பிடிப்பு அமைப்பு ரீலுக்குள் புகுந்தபின்தான் பெரிய மீன்களை நெடுநேரம் தாக்குப்பிடித்து நிறுத்துவது இயல்வதாயிற்று. 1913இல் வில்லியம் போஷன் கத்தலினா கடலில் வாள்மீனைக் கம்பினால் முதன்முதலாகப் பிடித்தது இத்தகைய ரீலைக் கொண்டுதான்.

கருவி கைகூடியபின் வேட்கை வெப்பமண்டலக் கடல்களை நோக்கித் திரும்பியது. அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே 1930இல் தாகித்தித் தீவருகே பிடித்த மார்லின், சுறாக்கள் அதன் சதையைக் கடித்துக் குதறிய பின்னும் 1,040 பவுண்டு எடை இருந்தது. 1,000 பவுண்டைத் தாண்டிக் கம்பினால் பிடிபட்ட முதல் மீன் அதுவே. சுமார் 454 கிலோவுக்கு இணையான அந்த ஆயிரம் பவுண்டு பின்னர் இவ்விளையாட்டின் உச்ச அளவுகோலாகவே நிலைபெற்றது. கிரே 1936இல் ஆஸ்திரேலியாவுக்கும் வந்து, பெருந்தடுப்புத் திட்டிலுள்ள ஹேமன் தீவில் ‘ஒயிட் டெத்’ என்னும் திரைப்படத்தில் நடித்தார். எனினும் அத்திட்டின் வெளிவிளிம்பில் மாபெரும் மார்லின்கள் கூடுவதை விளையாட்டு உலகம் அறிய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையே, நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1939இல் பன்னாட்டுப் பெருமீன் தூண்டில் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. மைக்கேல் லெர்னர் இதற்கு முன்முயற்சி எடுத்தார். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயும் பொறுப்பாளருள் ஒருவராக இருந்தார். மீன் முள்ளில் மாட்டியது முதல் படகருகே வரும்வரை கம்பையோ ரீலையோ நரம்பையோ வேறொருவர் தொடலாகாது என்பதும், நரம்பின் அறுபடு வலுவைக் கொண்டு சாதனைகளை வகைப்படுத்த வேண்டும் என்பதும் அச்சங்கம் வகுத்த விதிகளுள் தலையாயவை. எல்லா வகை நரம்புகளுக்கும் பொதுவான கருப்பு மார்லின் சாதனை, ஆல்ஃபிரட் கிளாசெல் 1953 ஆகஸ்ட் 4 அன்று பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் பிடித்த 1,560 பவுண்டு மீனுக்கு உரியது. 707 கிலோவைத் தாண்டும் அந்த எடையை இன்றளவும் எவரும் விஞ்சவில்லை.

பெருந்தடுப்புத் திட்டை அடுத்த கெய்ன்ஸ் நகரின் வரலாறு 1966 செப்டம்பரில் திரும்பியது. ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்டு என்னும் அமெரிக்கர் அங்குக் குடியேறிக் கட்டிய ‘சீ பேபி’ என்ற படகிலிருந்து, ரிச்சர்டு ஓபாக் 80 பவுண்டு வகை நரம்பில் 1,064 பவுண்டு எடையுள்ள கருப்பு மார்லினைப் பிடித்தார். பவளக்கடலில் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்கள் அதற்கு முன்பே மார்லின்களைப் பிடித்து வந்திருந்தாலும், கம்பினால் அத்தகைய மீனை வெல்லலாம் என்பதற்கு இதுவே சான்றாயிற்று. அமெரிக்கத் திரைநடிகர் லீ மார்வின் உள்ளிட்ட செல்வர்கள் 1970களில் ஆண்டுதோறும் வரத் தொடங்க, சர்க்கரை ஏற்றுமதித் துறைமுகமாக இருந்த சிற்றூர் பெருமீன் விளையாட்டின் உலகத் தலைநகரங்களுள் ஒன்றாயிற்று.

திட்டும் மீனும்

மார்லின் பவளத்தை நம்பி வாழும் மீன் அன்று. அது ஆழ்கடலின் மேல்நீரில் திரியும் வலசை மீன். பின் ஏன் அது திட்டுக்கு வருகிறது என்னும் வினாவுக்கு விடை அவ்விடத்தின் நில அமைப்பில் உள்ளது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 2,900 தனித் திட்டுகளைக் கொண்ட பெருந்தடுப்புத் தொகுதியின் வடபகுதியில், குக்டவுன் நகருக்கு நேரே தொடங்கி லிசார்டு தீவுவரை, ரிப்பன் திட்டுகள் என எண்ணிட்டு அழைக்கப்படும் பத்துத் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டத்திட்டின் விளிம்பிலேயே சுவர்போல் எழுந்து நிற்கின்றன. அவற்றின் உட்புறத்தில் சில பத்து மீட்டர் ஆழமே உண்டு. வெளிப்புறத்திலோ கடலடி செங்குத்தாக நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிடுகிறது. பசிபிக்கிலிருந்து மேற்கே வரும் நீரோட்டம் இச்சுவரில் மோதித் திரும்பும் இடத்தில், திட்டுகளுக்கு இடைப்பட்ட வாய்களின் வழியே வற்றுநீர் சிறுமீன்களை வெளியே தள்ளுவதால், ஆழ்கடல் வேட்டைமீனும் திட்டின் இரைமீனும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன.

இரை மட்டுமே காரணமாக இருந்தால் மார்லின் ஆண்டு முழுவதும் அங்கிருக்கும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் அது பெருங்கூட்டமாக வருவதற்குக் காரணம் இனப்பெருக்கம். அறிவியலில் இஸ்டியோம்பாக்ஸ் இண்டிகா எனப்படும் கருப்பு மார்லினின் முட்டையிடும் கூட்டங்களுள் அறிவியலார் மிக நன்கு அறிந்தது கெய்ன்ஸ் முதல் லிசார்டு தீவு வரையான இவ்விளிம்பில் கூடுவதுதான். இவ்வினத்தில் ஆண் மீன் சிறியது. அது 200 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆயிரம் பவுண்டு மீன்கள் எனக் கொண்டாடப்படுபவை எல்லாம் பெண் மீன்களே. கோடிக்கணக்கில் முட்டையிடவல்ல அப்பெண் மீன்களின் பின்னே, ஒவ்வொன்றையும் சுற்றிச் சில ஆண் மீன்கள் திரிவதைப் படகோட்டிகள் வழக்கமாகக் காண்கின்றனர். பிறந்த குஞ்சுகள் தெற்கே நீரோட்டத்தோடு செல்கின்றன. டவுன்ஸ்வில்லுக்கு அருகிலுள்ள பவுலிங் கிரீன் முனையில் சில பத்துக் கிலோ எடையுள்ள இளம் மீன்கள் கரையோரத்தில் கூடுவதும், கோடையில் அவை நியூ சவுத் வேல்ஸ் கடல்வரை இறங்குவதும் இதன் தொடர்ச்சி.

பக்கத்துடுப்பை உடலோடு மடக்க இயலாமல் விறைப்பாக வைத்திருப்பது கருப்பு மார்லினை அதன் உறவினமான நீல மார்லினிலிருந்து பிரித்தறியும் அடையாளம். கண்ணுக்கும் மூளைக்கும் அருகே, கண்தசை ஒன்று வெப்பமூட்டும் உறுப்பாக மாறியிருப்பதால், குளிர்ந்த ஆழ்நீரில் இறங்கும்போதும் அதன் பார்வை மங்குவதில்லை.

வழிகாட்டியின் அறிவு

வெளியூர் விருந்தினர் விலைகொடுத்து வாங்குவது மீனை அன்று. மீன் எங்கே, எப்போது, எதற்கு வாய் திறக்கும் என்னும் அறிவை. ரிப்பன் திட்டுகளில் இவ்வறிவு ஒரு நாளின் ஒழுங்காக வெளிப்படுகிறது. காலையில் திட்டின் ஓரத்தில் இரைமீன் பிடிக்கப்படும். நண்பகலுக்குச் சற்று முன் தொடங்கி அந்திவரை வெளிவிளிம்பை ஒட்டி இரையை மெல்ல இழுத்துச் செல்வார்கள். இரவில் திட்டின் உட்புற அமைதி நீரில், தங்குமிடமும் உணவும் உள்ள தாய்க்கப்பலை ஒட்டிப் படகு நங்கூரமிடும். இழுக்கப்படும் இரைகள் பெரும்பாலும் இரண்டு: நீர்ப்பரப்பில் துள்ளித் துள்ளி வருமாறு கட்டப்பட்டது ஒன்று, நீருக்குள் நீந்துவதுபோல் தைக்கப்பட்டது மற்றொன்று. சில கிலோ எடையுள்ள சூரையையோ கானாங்கெளுத்தி இனத்துப் பெருமீனையோ வயிறு கீறி, முதுகெலும்பு வளையுமாறு பதப்படுத்தி, இறந்த மீன் உயிருள்ளதுபோல் அசையும்படி ஊசியும் மெழுகுநூலும் கொண்டு தைப்பது கடைநிலைப் பணியாளர் பல பருவங்களில் கற்றுக்கொள்ளும் கைத்திறன்.

மீன் மாட்டியபின் பணி மூவருக்கிடையே பகிரப்படுகிறது. விருந்தினர், படகின் பின்தளத்தில் சுழலும் சண்டை நாற்காலியில் கச்சையால் பிணைக்கப்பட்டு, நரம்பின் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழுவையில் பிடிப்பை வைத்துப் போராடுகிறார். படகுத் தலைவர் படகைப் பின்னோக்கிச் செலுத்தி மீனைத் துரத்துகிறார். நரம்பின் முனையிலுள்ள தடித்த தலைக்கயிறு கைக்கு எட்டியதும் பணியாளர் அதைக் கையுறை அணிந்த கையில் சுற்றி இழுத்து மீனைப் பக்கவாட்டில் கொண்டு வருகிறார். இவற்றுள் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது இறுதிப் பணி. சுற்று விலகாமல் மீன் மீண்டும் பாய்ந்தால் பணியாளரையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடும். சங்க விதிப்படி வெற்றி விருந்தினருக்கு உரியது. ஆனால் மீனைக் கண்டடைவதும், போராட்டத்தைச் சுருக்குவதும், உயிரோடு விடுவிப்பதும் பெயர் பதிவாகாத மற்ற இருவரின் செயல் என்பதை இத்துறையினர் மறுப்பதில்லை.

தூக்குமரத்திலிருந்து அடையாளக் குறிக்கு

தொடக்கக் காலத்தில் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, தூக்குமரத்தில் வால் மேலாகத் தொங்கவிட்டு, எடை எழுதிப் படமெடுப்பதே வெற்றியின் சான்று. இவ்வழக்கம் இரு காரணங்களால் மெல்ல மாறியது. முதலாவது, இறந்த ஆயிரம் பவுண்டு மீன் மீண்டும் பிடிபடாது என்னும் எளிய கணக்கு. இரண்டாவது, அறிவியல். நியூ சவுத் வேல்ஸ் மாநில மீன்வளத் துறை 1973இல் தொடங்கிய அடையாளமிடும் திட்டத்தில், பிடித்த மீனின் முதுகுத்தசையில் எண்ணிட்ட சிறு குறியைச் செருகி, நாளும் இடமும் அளவும் எழுதிய அட்டையை அனுப்பிவிட்டு மீனை விடும் பணியைத் தூண்டில்காரர்களே ஏற்றனர். உலகில் இத்தகைய திட்டங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது வளர்ந்து, இலட்சக்கணக்கான மீன்களுக்கு அடையாளமிட்டுள்ளது.

விடுவித்தல் வழக்கமானதும் எடையின் தன்மையே மாறிற்று. நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவின் இருமடியை நீளத்தால் பெருக்கி 800ஆல் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் ஏறத்தாழ எடை கிடைக்கும் என்பது பழைய வாய்பாடு. ஆனால் துடிக்கும் மீனைச் சுற்றி நாடா பிடிக்க முடிவது அரிது என்பதால், பெரும்பாலும் படகுத் தலைவரின் கண்மதிப்பே எடையாகப் பதிவாகிறது. தராசு இருந்த இடத்தில் வழிகாட்டியின் நாணயம் வந்து அமர்ந்தது.

விடுவிக்கப்பட்ட மீன் பிழைக்கிறதா என்பதே இவ்வழக்கத்தின் நியாயத்தைத் தீர்மானிக்கும் வினா. நீண்ட போராட்டத்தில் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. நீந்தும் வேகத்தால் மட்டுமே செவுளுக்குள் நீரைச் செலுத்தி மூச்சுவிடும் மார்லினைப் படகருகே நிறுத்தி வைத்தால் அது மூச்சுத் திணறும். அதனால் விடுவிக்குமுன் படகை மெல்ல முன்செலுத்தி மீனின் வாய்க்குள் நீர் ஓடச் செய்வது வழக்கமாயிற்று. வயிற்றுக்குள் விழுங்கப்படும் ஜே வடிவ முள்ளைவிட, முனை தண்டை நோக்கி உள்வளைந்து தாடை மூலையில் மட்டுமே பற்றும் வட்டமுள் உட்காயத்தைக் குறைக்கிறது; அமெரிக்கா தன் அட்லாண்டிக் கடலில் நடக்கும், மார்லின் முதலிய கூர்மூக்கு மீன்களுக்கான போட்டிகளில் இயற்கை இரையோடு வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டும் என 2008 முதல் விதித்தது.

இங்கு விளையாட்டின் பழைய அறம் ஒன்று தலைகீழாகிறது. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதே மீனுக்கு நேர்மையான வாய்ப்பளிப்பது என்றும், அதுவே உயர்ந்த திறன் என்றும் சங்கங்கள் போற்றி வந்தன. ஆனால் மெல்லிய நரம்பு போராட்டத்தை மணிக்கணக்கில் நீட்டி மீனைச் சோரச் செய்கிறது. தடித்த நரம்பும் வலிய பிடிப்பும் அதைச் சில நிமிடங்களில் முடித்து, வலுவோடு விடுவிக்கின்றன. மனிதன் வகுத்த நேர்மையும் மீனின் நலமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை. முட்டையிட வந்த பெண் மீன்களே இலக்காக இருப்பதால் ரிப்பன் திட்டுகளில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது: பெரிய தாய்மீன் தன் எடைக்கு மிஞ்சிய விகிதத்தில் முட்டை தருவது என மீனியல் காட்டும் நிலையில், அங்கு இழக்கப்படும் ஒரு மீன் வேறிடத்தில் இழக்கப்படும் ஒரு மீனுக்கு ஈடாகாது.

ஆழமற்ற திட்டுகளின் கிளை

பெருமீன் விளையாட்டு ஆழ்விளிம்போடு நிற்பதில்லை. தமிழகக் கரைகளில் பாறை என்னும் பொதுப்பெயரால் அறியப்படும் மீன் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினமான பெரும்பாறை, வெப்பமண்டலத் திட்டுகளின் நுரைக்கும் விளிம்பிலும் முழங்கால் ஆழ நீரிலும் வேட்டையாடுவது. நீர்ப்பரப்பில் ஓசையெழுப்பி இழுபடும் குழிமுகப் போலி இரைகளால் அதைப் பிடிக்கும் முறையை ஜப்பானியத் தூண்டில்காரர்கள் வளர்த்தெடுத்தனர். 2006இல் ஜப்பானின் தொகாரா தீவுகளில் பிடிபட்ட, 72 கிலோவைத் தாண்டிய மீன் இவ்வினத்தின் சாதனையாக உள்ளது. சீஷெல்ஸ் நாட்டின் ஃபார்குவார் வட்டத்தீவில் இம்மீன்கள் நீரிலிருந்து எழும்பிக் கடற்பறவைகளைக் கவ்வுவதை 2017இல் ஒளிபரப்பான ‘புளூ பிளானட் 2’ தொடர் படமாக்கியபின், அத்தீவுகளின் பெயர் இவ்விளையாட்டுக்கு வெளியேயும் பரவியது. அல்ஃபோன்ஸ், காஸ்மொலேடோ போன்ற தொலைத்தீவுகளில் ஒரு வாரத்திற்கு இத்தனை பேர் மட்டுமே என எண்ணிக்கையை வரையறுத்து, பிடித்த மீனை விட்டுவிடும் முறையில் தொழில் நடைபெறுகிறது. அந்தமான் தீவுகளிலும் பெரும்பாறையையும் நாய்ப்பல் சூரையையும் நாடி வழிகாட்டிப் படகுகள் செல்கின்றன.

திட்டுமீனை விடுவிப்பதற்கு உடல்நலக் காரணமும் உண்டு. பவளத்திட்டுப் பாசிகளின்மேல் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் நஞ்சு, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு உணவுச் சங்கிலியில் ஏறிச் செறிவடைகிறது. சிகுவத்தேரா நோயை உண்டாக்கும் இந்நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை என்பதால், பெரிய ஊளி போன்ற மீன்களை உண்பது பல தீவுகளில் தவிர்க்கப்படுகிறது.

ஆழமற்ற திட்டுகளில் இவ்விளையாட்டின் சமூகப் பயன் சற்றுத் தெளிவாகவே தெரிகிறது. கிரிபாட்டி நாட்டின் கிரிடிமாட்டித் தீவில் பல பத்தாண்டுகளாக வழிகாட்டிகளாக இருப்பவர்கள் அத்தீவின் மக்களே. பெலீஸ் நாடு எலும்புமீன், டார்பன், பெர்மிட் ஆகிய மூன்று மீன்களையும் பிடித்து விடுவதற்கு மட்டுமே உரியவை என 2009இல் சட்டமியற்றியபோது, உள்ளூர் வழிகாட்டிகளின் கோரிக்கை அதில் பங்கு வகித்தது. ஆனால் கிரிடிமாட்டி போன்ற தீவுகளில் எலும்புமீன் ஏழைக் குடும்பத்தின் உணவும் ஆகும். ஒருவரின் விளையாட்டுக்காக மற்றவரின் வலையை நிறுத்தும்போது, வலையை இழந்தவருக்கு வழிகாட்டித் தொழிலில் இடம் கிடைக்கிறதா என்பதே இத்தகைய சட்டத்தின் நீதியைத் தீர்மானிக்கிறது.

காக்கப்படும் இடம், காக்கப்படாத மீன்

இடத்தைக் காப்பதில் ஆஸ்திரேலியாவின் பட்டறிவு குறிப்பிடத்தக்கது. 1975இல் கடற்பூங்காச் சட்டம், 1981இல் உலக மரபுச் சின்னம் என்னும் தகுதி, 2004இல் மண்டலங்களின் மறுவரையறை என அது படிப்படியாக வளர்ந்தது. மீன்பிடிப்பு முற்றிலும் விலக்கப்பட்ட பச்சை மண்டலங்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்ந்தது இம்மறுவரையறையில்தான். மண்டலங்களுள் ஒன்றான இடைத்தடுப்பு மண்டலத்தில், திட்டுமீனைப் பிடிப்பது குற்றம். ஆனால் மேல்நீர் வலசை மீனை இழுவைத் தூண்டிலால் பிடிக்கலாம். இடத்தோடு பிணைந்த மீன் ஒன்று, கடந்து செல்லும் மீன் வேறு என்னும் வேறுபாட்டைச் சட்டமே ஏற்றுக்கொண்டதற்கு இவ்விதி சான்று.

கடந்து செல்லும் மீனின் நிலை என்ன? 2012இல் வெளியான செயற்கைக்கோள் குறி ஆய்வு, ரிப்பன் திட்டுகளில் விடுவிக்கப்பட்ட கருப்பு மார்லின்கள் முட்டையிடும் பருவம் முடிந்ததும் பவளக்கடலைக் கடந்து பசிபிக்கின் பல திசைகளிலும் சிதறுவதைக் காட்டிற்று. அங்கு அவற்றுக்காகக் காத்திருப்பது நெடுந்தூண்டில். பல பத்துக் கிலோமீட்டர் நீளும் கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களைத் தொங்கவிட்டுச் சூரை பிடிக்கும் இம்முறையில் மார்லின் உடன்பிடியாக மாட்டுகிறது. ஆஸ்திரேலியா 1979இல் 200 கடல்மைல் மீன்பிடி மண்டலத்தை அறிவித்தபின் ஜப்பானியக் கப்பல்களைக் கெய்ன்ஸ் கடற்பகுதியிலிருந்து விலக்கியது. 1990களின் இறுதியில் தன் வணிகப் படகுகளும் கருப்பு, நீல மார்லின்களை வைத்துக்கொள்வதைத் தடை செய்தது. விளையாட்டுத் தூண்டில்காரர்களின் அழுத்தமின்றி இவை நிகழ்ந்திரா. ஆனால் அத்தடையின் எல்லை 200 கடல்மைலோடு முடிகிறது.

இதே இனம் இந்தியப் பெருங்கடலில் முற்றிலும் வேறு மதிப்பைப் பெறுகிறது. இந்தியா, இலங்கை, ஈரான் முதலிய நாடுகளின் செவுள்வலைகளிலும் தூண்டில்களிலும் சிக்கும் மார்லின் அங்கே சந்தைக்குச் செல்லும் உணவு மீன். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2018இல் இயற்றிய தீர்மானம் கருப்பு மார்லினுக்கு ஆண்டுக்கு 9,932 டன் என வரம்பு வகுத்தது. ஒரு பெருங்கடலில் பொழுதுபோக்கிற்காகக் காக்கப்படுவதும் மற்றொன்றில் டன் கணக்கில் நிறுக்கப்படுவதும் ஒரே மீன் என்பதால், அதன் மதிப்பு இன்னது என எவரும் ஒருதலையாக உரைக்க இயலாது.

காபோ பிளாங்கோவின் முடிவு இதற்கோர் எச்சரிக்கை. 1950களில் உலகச் சாதனைகள் பிறந்த அவ்வூரின் புகழ்பெற்ற கழகம், இருபது ஆண்டுகளுக்குள் செயலிழந்தது. மார்லினுக்கு அடிப்படையான நெத்திலி வளம் மீன்தூள் ஆலைகளுக்காக அளவின்றி வாரப்பட்டதும், நீரோட்டம் மாறியதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அங்கு வந்த தூண்டில்காரர் எத்தனை மீனை விட்டாலும் இவற்றுள் ஒன்றையும் தடுத்திருக்க இயலாது. தமிழர் வஞ்சிரம் என்று அறியும் மீனின் ஆஸ்திரேலியக் குயின்ஸ்லாந்துக் கிழக்குக்கரை இருப்பு, பிடிக்கப்படாத நிலையில் இருந்திருக்கக்கூடிய அளவில் 17 விழுக்காடாகக் குறைந்துள்ளதென 2021ஆம் ஆண்டு மதிப்பீடு கூறியபின், பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கும் கடும் வரம்புகள் 2023இல் விதிக்கப்பட்டன. இது மறுபுறத்து எச்சரிக்கை: உண்பதற்காகப் பிடிக்கும் பொழுதுபோக்குத் தூண்டிலும் வணிகத் தூண்டிலோடு சேர்ந்து ஒரு மீனின் இருப்பைச் சரிக்கக்கூடும்.

மறுப்புகளும் மாறும் கடலும்

உண்ணும் எண்ணமின்றி மீனை முள்ளில் மாட்டுவதே தவறு என்பது அடிப்படை மறுப்பு. மீனின் வாயில் ஊறுணர் நரம்புகள் உண்டென 2003இல் டிரவுட் மீனில் காட்டிய ஆய்வுக்குப்பின் இவ்வாதம் வலுத்தது. மனிதருக்குரிய மூளைப்புறணி மீனுக்கு இல்லாததால் நோவு என்னும் உணர்வு அதற்கு இருக்க இயலாது எனச் சிலர் இன்றும் மறுக்கின்றனர். ஜெர்மனியின் விலங்குநலச் சட்டம், தக்க காரணமின்றித் துன்பமிழைப்பதைத் தடுப்பதால், பிடித்து விடுவதையே நோக்கமாகக் கொண்ட தூண்டிலிடலை அங்கு நியாயப்படுத்துவது கடினம். வெப்பமண்டலத்தில் பாதுகாப்பு எனப் போற்றப்படும் அதே செயல் ஜெர்மனியில் வதை எனக் கருதப்படுகிறது.

உரிமை பற்றிய மறுப்பு வேறு வகையானது. மார்லின் போட்டிகளுக்குப் பெயர்போன லிசார்டு தீவு, டிங்கால் பழங்குடியினருக்கு ஜீகுர்ரு என்னும் புனிதத் தலம். அங்குக் கிடைத்த ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பானையோடுகள் அக்கடலைப் பற்றிய பட்டறிவு எவ்வளவு தொன்மையானது என்பதைக் காட்டுகின்றன. 1966இல் ‘கண்டுபிடிக்கப்பட்ட’தாக விளையாட்டு வரலாறு எழுதும் கடல், கண்டறியப்படாத கடலாக ஒருபோதும் இருக்கவில்லை.

இவற்றோடு கடலே மாறி வருகிறது. 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் பெருவெளுப்புகள், அதாவது வெப்பத்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறும் நிகழ்வுகள், திட்டுத்தொகுதியைத் தாக்கின. 2016இல் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது ரிப்பன் திட்டுகள் உள்ள வடபகுதியே. மார்லின் பவளத்தை உண்பதில்லை எனினும், திட்டின் ஓரத்தில் அதற்காகக் கூடும் இரைமீன் பவளத்தின் நலனிலிருந்து முற்றிலும் விலகி நிற்பதன்று. தூண்டிலில் மாட்டிய மீனைச் சுறா கவ்விச் செல்வது பெருகுவதாகப் பல கடல்களின் வழிகாட்டிகள் கூறுகின்றனர். அந்நிலையில் விடுவிக்கப்படும் மீன்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பிழைத்தவற்றைக் கணக்கிடுவது மிகையாகிவிடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றை ஒருங்கு நோக்கின், வழிகாட்டிப் பெருமீன் விளையாட்டு காப்பது எது, காக்க இயலாதது எது என்பது பிரிந்து தெரிகிறது. ஓரிடத்தைச் சட்டத்தால் வேலியிடவும், அவ்விடத்தில் மீனை உயிரோடு விடும் வழக்கத்தை நிலைநிறுத்தவும், உள்ளூராருக்குத் தொழில் தரவும் அதனால் இயலும், இயன்றும் உள்ளது. அவ்விடத்தைக் கடந்து செல்லும் மீனைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதற்குக் கிட்டியுள்ள ஒரே நீண்ட கை அறிவே. முதுகில் எண்ணோடு விடுவிக்கப்பட்ட மார்லின் எங்குச் சென்றது என்பதை எளிய அடையாளக் குறி தானே சொல்லாது; யாரேனும் அம்மீனை மீண்டும் பிடித்து, குறியைக் கழற்றி, எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். நெடுந்தொலைவு சென்ற மார்லின்களைப் பொறுத்தவரை அந்த யாரோ பெரும்பாலும் வெளிக்கடலில் நெடுந்தூண்டில் இழுக்கும் கப்பலின் கூலித் தொழிலாளியே. ரிப்பன் திட்டில் செல்வர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தொடங்கிய வாக்கியத்தை முடித்துவைப்பது, அவர் எதிரியாகக் கருதும் கப்பலின் ஈரத்தளத்தில் நிற்கும் அத்தொழிலாளியின் கை. மீனை நோக்கி நீளும் இவ்விரு தூண்டில்களையும் ஒரே கணக்கில் வைத்து ஆளாதவரை, பவளத்திட்டின் காவல் அத்திட்டின் விளிம்போடு நின்றுவிடும்.